இரக்கம், நீதி, உபத்திரவம்: கடலூர், புதுவைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதும், துக்க வீட்டில் காபி வரும் இடைவெளியிலும் கேட்கப்படுகிற கேள்விகள் இவை. கூட்டத்தில் கை தூக்கி யாரும் கேட்பதில்லை. ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பக்கமிருந்தும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பதிலில் வசனம் வந்தால் அதன் எண்ணும், சட்டம் வந்தால் பிரிவும் இருக்கும். எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"பாக்கியவான்கள்", "பேறுபெற்றோர்" ரெண்டும் ஒண்ணுதானா? நான் லுத்தரன், வீட்டுக்காரர் ஆர்.சி. ரெண்டு பைபிளும் வேற மாதிரி இருக்கே?

ஒன்றுதான். மத்தேயு 5:3 முதல் 12 வரை உள்ள பகுதி. கிரேக்கத்தில் 'மக்காரியோய்' என்றிருப்பதைப் பழைய மொழிபெயர்ப்பு 'பாக்கியவான்கள்' என்றும், 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'பேறுபெற்றோர்' என்றும் சொல்கிறது. உங்களுக்கு மலைப்பிரசங்கம், அவருக்கு மலைப்பொழிவு. இந்தப் பக்கத்துக்கு வேண்டியவை மூன்று வசனங்கள்: நீதிக்காகப் பசிதாகம் கொள்வது (5:6), இரக்கம் (5:7), நீதியினிமித்தம் துன்பப்படுவது (5:10, அதை 11, 12 விரிக்கின்றன).

இரண்டு பைபிளையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதில் லாபம் உண்டு. 5:6-ல் பழையது 'நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள்' என்கிறது. புதியது 'நீதிநிலைநாட்டும் வேட்கை கொண்டோர்' என்கிறது. முதலாவதில் வயிறு தெரிகிறது, இரண்டாவதில் கை தெரிகிறது. லூக்கா 6:20-26-ஐயும் சேர்த்து வாசியுங்கள். அங்கே நான்கு பாக்கியங்களுக்கு எதிராக நான்கு 'ஐயோ'க்கள் உண்டு. அவற்றை யாரும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதில்லை.

இரக்கம்னா பாவப்படுறதுதானே? எனக்கு யாரப் பாத்தாலும் பாவமா இருக்கும்.

பாவமாக இருப்பது தொடக்கம். அதோடு நின்றால் வேதம் அதை இரக்கம் என்று சொல்வதில்லை. நல்ல சமாரியன் கதையில் (லூக்கா 10:33-35) 'மனதுருகி' என்பது ஒரே ஒரு சொல். அதன் பிறகு வருவதெல்லாம் வேலை: கிட்டப் போனான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், ராத்திரி பார்த்துக்கொண்டான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். அந்தக் காலக் கணக்கில் இரண்டு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். எண்ணிப் பாருங்கள், அழுததாக ஒரு வரிகூட இல்லை.

இன்றைக்கு இதற்கு நேரான இடம் ஈ.சி.ஆர். ரோடு. புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே பைக் விழுந்து கிடந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள், 108-ஐ அழையுங்கள், ரத்தம் வழியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தையோ முதுகையோ அசைக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 'போலீஸ் கேஸாகிடும்' என்று ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவின்படி, உதவி செய்தவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. அந்தச் சாக்கு இப்போது செல்லாது.

நீதின்னா இயேசுவ விசுவாசிச்சா கிடைக்குறதுதானே? கூலி, தராசுன்னு ஏன் இழுக்குறீங்க?

பவுல் ரோமர் நிருபத்தில் சொல்லும் 'நீதிமானாக்கப்படுதல்' வேறு பாடம். அதை யாரும் மறுக்கவில்லை. மத்தேயு 5, 6 அதிகாரங்களில் 'நீதி' என்ற அதே சொல் வாழ்க்கையில் செய்கிற காரியமாக வருகிறது. 6:1-ல் பல பழைய பிரதிகளில் 'உங்கள் நீதியை மனுஷர் காண' என்றே இருக்கிறது. அடுத்த வசனமே தர்மத்தைப் பற்றிப் பேசுகிறது. இயேசுவும் அவரைக் கேட்டவர்களும் வளர்ந்த நியாயப்பிரமாணத்தில் நீதி என்றால் அளக்கக்கூடிய விஷயம். பையில் இரண்டு படிக்கற்கள், பெரியது ஒன்று சின்னது ஒன்று, வைத்திருக்காதே (உபாகமம் 25:13). கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது (லேவியராகமம் 19:13). அறுப்பில் வயலின் ஓரத்தை எளியவனுக்கு விடு (லேவியராகமம் 19:9). நீதியின்மேல் பசி இருக்கிறதா என்று பார்க்க உங்கள் தராசையும் சம்பள நோட்டையும் முதலில் எடுங்கள். ஜெப நோட்டு பிறகு.

எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்குக் கிறிஸ்மஸுக்குப் புடவை எடுக்குறோம், மருந்துச் செலவுக்குக் குடுக்குறோம். இது போதாதா?

ஒரு கேள்வி: போன தடவை சம்பளம் ஏற்றி எத்தனை வருடம் ஆகிறது? கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், கொடுக்கத் தேவையில்லாததைக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் நாம் அதிகம் காண்கிற கோணல். புடவை இரக்கம்; சம்பளம் நீதி. இரக்கத்தால் நீதியின் பாக்கியை அடைக்க முடியாது. யாக்கோபு 5:4-ல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. அந்த முதலாளி பண்டிகைக்கு எதுவும் தரவில்லை என்று யாக்கோபு சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

செய்ய வேண்டியவை: மாதத்தின் எந்தத் தேதியில் சம்பளம் என்று முடிவு செய்து அதே தேதியில் கொடுங்கள். வாரம் ஒரு நாள் லீவு, சம்பளப் பிடித்தம் இல்லாமல். நீங்கள் ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டினால் அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. பூட்டியது நீங்கள், அவர் அல்ல. முன்பணம் கொடுத்திருந்தால் அதை இருவரும் எழுதிவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள். அவருக்குத் தனி டம்ளர் இருந்தால் இன்றைக்கே அதைக் கழுவிப் பொது அலமாரியில் வையுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். முந்திரி ஓட்டு எண்ணெய் கையைப் பொத்துப்போக வைக்கும். கையுறை வாங்கித் தருவது கூலியோடு சேர்ந்த கணக்கு. தர்மக் கணக்கில் எழுதாதீர்கள்.

வெள்ளத்துல சாமான் குடுத்தோம். போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்புல போடலாமா? பணம் குடுத்தவங்க கேக்குறாங்களே.

பணம் கொடுத்தவர் கேட்பது நியாயம். அவருக்கு வேண்டியது கணக்கு. எவ்வளவு வந்தது, எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு என்ன, மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, பில்லோடு அனுப்புங்கள். படம் வேண்டுமென்றால் மூட்டைகளை எடுங்கள். கை நீட்டும் பெண்ணின் முகத்தை எடுக்காதீர்கள். மத்தேயு 6:2-4 சொல்வது கொடுப்பவரின் கூலியைப் பற்றி. வாங்குகிறவரின் மானம் அதற்கு முந்தியது. அவர் பிள்ளை நாளைக்குப் பள்ளியில் அந்தப் படத்தைப் பார்க்கும்.

சாமான் விஷயத்திலும் தப்பு நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையோரம் பழைய துணி மலையாகக் குவிந்து நனைந்து வீணானது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்து, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வந்தபோதும் பலர் எடுத்து வந்தது பழைய துணிதான். முதல் இரண்டு நாள் வேண்டியது சமைத்த சாப்பாடும் குடிதண்ணீரும். மூன்றாம் நாளிலிருந்து பாய், போர்வை, புது உள்ளாடை, நாப்கின், பிளீச்சிங் பவுடர். பத்து நாள் கழித்து எல்லாரும் போன பிறகுதான் பெரிய தேவை வரும்: நனைந்துபோன பள்ளிப் புத்தகம், ஸ்டவ், வேலை இல்லாத வாரத்தின் கூலி. கையில் இருப்பதில் பாதியை அந்தப் பத்தாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேக்குறவனுக்குக் குடுன்னு இயேசு சொல்லியிருக்காரு. அப்ப கடன் கேட்ட எல்லாருக்கும் குடுக்கணுமா? வட்டி வாங்கலாமா?

மத்தேயு 5:42 முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்கிறது; கேட்ட தொகையை முழுதாகக் கொடு என்று இல்லை. நடைமுறையில் உதவும் விதி ஒன்று: திரும்பி வராவிட்டாலும் அந்த ஆளோடு பேச்சு நிற்காத அளவுக்கு மட்டும் கொடுங்கள். ஐம்பதாயிரம் கேட்டால் ஐயாயிரம் கொடுத்து, இது கடன் இல்லை என்று சொல்லிவிடலாம். கடன் என்றே கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாத கடன்தான் அண்ணன் தம்பியைப் பிரிக்கிறது. குடிப்பதற்குத்தான் என்று தெரிந்தால் காசாகக் கொடுக்காமல் அரிசியாகவோ பிள்ளையின் ஃபீஸாகவோ கொடுங்கள்.

வட்டி: யாத்திராகமம் 22:25 எளியவனிடம் வட்டி வாங்காதே என்று நேராகச் சொல்கிறது. அடுத்த வசனம் அடகு வாங்கிய போர்வையைப் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. வங்கியில் போடும் பணத்துக்கு வரும் வட்டியும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவரிடம் வாங்கும் வட்டியும் ஒன்றல்ல. நூற்றுக்கு மூன்று என்றால் சின்னதாகக் கேட்கிறது. அது மாதத்துக்கு, வருடத்துக்கு 36. தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003 சட்டப்படி குற்றம். மீட்டர் வட்டிக்கு விடுகிறவர் சபையில் காணிக்கைப் பை பிடித்தால், அந்தப் பைக்குள் யாருடைய கூலி விழுகிறது என்று மற்ற மூப்பர்கள் கேட்க வேண்டும். கேட்பதில்லை.

ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னா, மன்னிச்ச பிறகு பழையபடி பேசணுமா? நம்பணுமா?

மன்னிப்பு, ஒப்புரவு, நம்பிக்கை மூன்றும் வேறு. மன்னிப்பு நீங்கள் தனியாகச் செய்ய முடிந்தது: பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவது. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கை காலப்போக்கில் சம்பாதிக்க வேண்டியது. சீட்டுப் பணத்தைத் தூக்கிக்கொண்டு போன சித்தப்பாவை மன்னிக்கலாம்; அடுத்த சீட்டை அவரிடம் போட வேண்டியதில்லை.

ஏழெழுபது என்ற வசனம் மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால், 15 முதல் 17 வரை, ஒரு முறைமை இருக்கிறது: முதலில் நீயும் அவனும் மட்டும் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் ஊருக்கே சொல்லியாகிவிடும், கடைசியில்தான் அவரிடம் பேசுவோம், அதுவும் கல்யாண வீட்டில் எதிரே வந்தால்.

அந்த வசனத்தை அடுத்து ஒரு உவமை வருகிறது: ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ஒருவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் ஊழியனைப் பிடிக்கிறான். அதன் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருடம் 300 நாள் வேலை செய்தாலும் அடைக்க 2 லட்சம் வருடம். அந்தக் கடன் தள்ளுபடியானவன் கழுத்தைப் பிடித்தது 100 நாள் கூலிக்காக. 100 நாள் கூலி சின்னத் தொகையே இல்லை. அது வராமல் போனால் குடும்பம் தள்ளாடும். நமக்கு நேர்ந்தது சின்ன விஷயம் என்று உவமை சொல்லவில்லை. அதனால்தான் அது வலிக்கிறது.

வீட்டுக்காரரு குடிச்சிட்டு அடிக்குறாரு. சிலுவை சுமக்கணும், பொறுத்துக்கோன்னு பாஸ்டரம்மா சொல்றாங்க.

அந்த ஆலோசனை தவறு. மத்தேயு 5:10-ன் துன்பம் 'நீதியினிமித்தம்' வருவது. குடிகாரனின் அடி யாருடைய நீதியினிமித்தமும் வருவதில்லை. வேதத்தில் தப்பி ஓடுவது பாவமில்லை. சவுலின் ஈட்டிக்குத் தாவீது விலகி ஓடினான் (1 சாமுவேல் 19:10). பவுலைக் கூடையில் வைத்து மதிலுக்கு வெளியே இறக்கினார்கள் (அப்போஸ்தலர் 9:25). தன்மேல் கல்லெறிய வந்தபோது இயேசு மறைந்து வெளியே போனார் (யோவான் 8:59).

செய்ய வேண்டியது: உயிருக்கு ஆபத்து என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181, நாள் முழுக்க. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அந்த வீட்டிலேயே தங்கும் உரிமையை நீதிமன்றம் உத்தரவாகத் தரும். காயத்துக்கு அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, அடித்ததால் வந்தது என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். வெட்கத்தில் 'விழுந்துட்டேன்' என்று சொன்னால் பிற்பாடு அந்தச் சீட்டே உங்களுக்கு எதிராக நிற்கும். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கொஞ்சம் பணம் ஆகியவற்றை அம்மா வீட்டிலோ தோழி வீட்டிலோ வைத்திருங்கள். மன்னிப்பதைப் பற்றி, அடி நின்ற பிறகு, முந்தைய பதிலை வாசிக்கலாம்.

சபையில ஒரு ஆளு சின்னப் பிள்ளகிட்ட தப்பா நடந்துட்டாரு. அழுது மன்னிப்புக் கேட்டாரு. வெளிய சொன்னா சபைக்குக் கெட்ட பேரு...

சொல்லியே ஆக வேண்டும். 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. பிள்ளைகளுக்கான எண் 1098. பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். ஒருமுறை சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். அழுதவரை மன்னிக்கும் உரிமை சபைக்கு இல்லை, பாதிக்கப்பட்டது சபை அல்ல.

பட்டா மாத்த லஞ்சம் கேக்குறாங்க. குடுக்கலேன்னா வேல நடக்காது. குடுத்தா பாவமா?

உங்களுக்கு உரிமையில்லாததை வாங்கக் கொடுக்கும் பணமும், உரிமையுள்ளதைப் பிடித்துவைத்துக்கொண்டு பிடுங்கும் பணமும் ஒன்றல்ல. இரண்டாவதில் நீங்கள் பறிகொடுத்தவர். ஆனாலும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும், அப்போதுதான் விலக்கு. ஆன்லைனில் விண்ணப்பித்து ரசீது எண் வைத்திருங்கள், தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். பல இடங்களில் இந்த ஒரு தாளே ஃபைலை நகர்த்தும். நகராவிட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை.

நீங்களே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்றால் லூக்கா 3:13-14 நேராக உங்களுக்கு எழுதியது: நியமித்ததற்கு மேல் வாங்காதே, சம்பளம் போதுமென்றிரு. ஏற்கனவே வாங்கியதற்குச் சகேயு வழி காட்டுகிறான்: நாலத்தனை (லூக்கா 19:8). உண்டியலில் போட்டால் தீராது, யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே போக வேண்டும்.

எதுதான் உபத்திரவம்? சர்ச்சுல எல்லாரும் எதுக்கெடுத்தாலும் 'வேத கலாபனை'ங்கறாங்க.

மூன்று சோதனை வைத்துப் பாருங்கள். காரணம் நீதியா, கிறிஸ்துவின் பெயரா (மத்தேயு 5:10, 11)? சொல்லப்படுவது பொய்யா? 5:11-ல் 'பொய்யாய்' என்ற சொல்லை வாசிக்கும்போது விட்டுவிடுகிறோம். நம்மைப் பற்றிச் சொன்னது உண்மையாக இருந்தால் அது உபத்திரவம் இல்லை, விமர்சனம். மூன்றாவது, 1 பேதுரு 4:15: கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன் என்ற பட்டியலில் நாலாவதாக 'அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்'. பிறர் விஷயத்தில் மூக்கை நுழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டதையும் பேதுரு கணக்கில் சேர்க்கவில்லை.

ராத்திரி ஜெபத்துக்கு மைக் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரரு போலீஸ்ல சொல்லிட்டாரு. இது உபத்திரவம்தானே?

இல்லை. முந்தைய பதிலின் இரண்டாவது சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. அவர் சொன்னது உண்மை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60. ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. 'ஆடி மாசம் அவங்க போடலையா' என்ற பதில் வரும். அவர்கள் போடுவது நமக்கு அனுமதியாகாது.

பாக்ஸை அணைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்த வீட்டில் தூங்காத நோயாளி இருக்கலாம். அவருக்கு 5:7-ன் இரக்கத்தை நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

நிஜமாவே வந்து கூட்டத்தக் கலைக்குறாங்க, அடிக்குறாங்க. மறு கன்னத்தக் காட்டணுமா, ஸ்டேஷன் போலாமா?

இரண்டும் செய்யலாம். மறு கன்னம் என்றால் திருப்பி அடிக்காமல் இருப்பது; வாயை மூடிக்கொள்வது அதில் இல்லை. அடித்த சேவகனிடம் இயேசு 'நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி; நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடிபட்ட பவுல், ரகசியமாக விடுதலையாக மறுத்து, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப்போகச் சொன்னார் (அப்போஸ்தலர் 16:37). பிறகு இராயனிடம் அப்பீலே செய்தார் (25:11). சட்டத்தைக் கூப்பிடுவது விசுவாசக் குறைவு என்றால் பவுலுக்கும் அது பொருந்த வேண்டும்.

அந்த நேரத்தில்: குழந்தைகளையும் பெண்களையும் முதலில் பின்வாசல் வழியாக அனுப்புங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும். ஒருவர் தள்ளி நின்று வீடியோ எடுக்கட்டும். 112-ஐ அழையுங்கள். கையில் கிடைத்ததை யாரும் எடுக்கக் கூடாது. ஒரு விளக்குமாற்றை ஓங்கினாலும் மறுநாள் செய்தி 'இரு தரப்பு மோதல்' என்று வரும்.

பிறகு: காயத்துக்கு அரசு மருத்துவமனைச் சீட்டு. அன்றைக்கே எழுத்துப் புகார்: தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார், என்ன சொன்னார் என்று அதே சொற்களில். பார்க்காததை எழுதாதீர்கள், ஆட்களைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பத்துப் பேர் வந்ததை ஐம்பது என்று எழுதினால் வழக்கும் போகும், 5:10-உம் போகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது 300-ஆம் பிரிவு, வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது 298. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்தது என்பதற்கான சீட்டு) அனுப்பிவிடப் பார்ப்பார்கள். பதிவு செய்ய மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-ன்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். அதுவரை அந்த வீடியோவை சோக இசை போட்டுப் பரப்பாதீர்கள்.

சான்றிதழ்ல இந்து எஸ்.சி., ஞாயித்துக்கெழம சர்ச்சு. இது பொய் சொல்றதுதானே? நீதியப் பத்திப் பேசுறீங்களே, சொல்லுங்க.

இந்தப் பட்டியலிலேயே கடினமான கேள்வி. 1950 ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதி அந்தஸ்தை முதலில் இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இல்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது, நீக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் புதுவைப் பெண் ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருப்பவர் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சட்டப்படி ஆபத்து உண்டு. பின்னால் வேலையே போகலாம். தாளில் இருப்பது உண்மையில்லை என்பதும் உண்மை.

ஆனால் ஞானஸ்நானத் தொட்டி சாதியைக் கழுவியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. தெருவில் அதே பேர், கல்லறையில் அதே மூலை, சான்றிதழில் மட்டும் 'இப்போ நீ அது இல்லை'. இந்த ஆணையால் எதையும் இழக்காதவர்கள், இழக்கிறவர்களைப் பொய்யன் என்று பிரசங்கிப்பதை நாம் ஏற்கவில்லை. கேட்பவருக்கு எங்கள் ஆலோசனை: உண்மையை எழுதுங்கள், இழப்பு வரும், அது 5:10-ன் இழப்புதான். கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறவருக்கு: அந்த இழப்பில் பங்கெடுங்கள். அந்தப் பிள்ளையின் கோச்சிங் ஃபீஸ் எவ்வளவு என்று விசாரித்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

நாமதான் எப்பவும் துன்பப்படுறவங்களா? நாம யாரையும் துன்பப்படுத்தலையா?

துன்பப்படுத்தியிருக்கிறோம், இதே புதுவையில். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்ப பிள்ளை கிறிஸ்தவராக மறுத்தவர். சேசு சபைக் குருக்களின் நெருக்குதலுக்கு நடுவே 1716-ல் தண்டிக்கப்பட்டு 1717-ல் சிறையிலேயே இறந்தார். அவர் மேலிருந்த பழி பிரான்சில் பிற்பாடு துடைக்கப்பட்டது. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அதை எழுதியிருக்கிறார்.

நம் ஆலயத்துக்குள்ளும் நடந்தது. சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து உள்ளே எழுப்பியிருந்த சுவர் ஒன்று, பிரிக்கப்பட்டவர்கள் கேள்வி கேட்ட பிறகு, 1745-ல் புதுவையில் இடிக்கப்பட்டதும் அதே நாட்குறிப்பில் உண்டு. கல் சுவர் போயிற்று. உங்கள் ஊரில் தனிக் கல்லறையோ, தேர் வராத தெருவோ, பங்குப் பேரவையில் ஒருபோதும் வராத பெயர்களோ இருந்தால், 5:10 அங்கே யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நம்மை அல்ல.

துன்பப்படுத்துறவங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்றாரு இயேசு. எனக்கு வாயே வரல. என்ன சொல்லி ஜெபிக்குறது?

முதலில் கோபத்தைச் சொல்லுங்கள். 109-ஆம் சங்கீதத்தில் பெரும்பகுதி அதுதான். கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை ஜெபப் புத்தகத்தில் அதை விட்டுவிட்டார்கள், பைபிளில் இருக்கிறது. கோபத்தை மறைத்து 'அவரை ஆசீர்வதியும்' என்று சொன்னால் இரண்டாம் நாளே நின்றுவிடும். அடுத்து அந்த ஆளின் பெயரைச் சொல்லி ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள், பெரிதாக வேண்டாம்: அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அது இறங்க. பசித்தால் போஜனம் கொடு என்று ரோமர் 12:20 சொல்வதும் இதே அளவுதான், ஒரு வேளைச் சாப்பாடு.

அதுவும் முடியாத நாளில் பரமண்டல ஜெபம் மட்டும். லுத்தரன், சி.எஸ்.ஐ. வீட்டில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்பார்கள், ஆர்.சி. வீட்டில் 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்பார்கள். அந்த இடம் வந்ததும் தொண்டை அடைத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் அங்கிருந்து தொடரலாம்.